கர்னல் ஏன் வாயைத் திறந்தார்? ‘எ ஃபியூ குட் மென்’ பற்றி ஒரு பழைய கிளார்க்கின் பதில்

தம்பி கேட்டிருந்த கேள்வி இது: “‘எ ஃபியூ குட் மென்’ இப்பத்தான் பார்த்தேன். எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். எனக்குக் கடைசி கால் மணி நேரம் பிடித்தது, மற்றதெல்லாம் சுமார்தான். ராணுவக் கோர்ட் நிஜமாகவே அப்படித்தான் நடக்குமா? படத்தில் எது தேறும், எது தேறாது? ராணுவத்தில் இருந்த யாராவது சொல்லுங்கள் அண்ணாச்சி.”

நான் இருந்தவன்தான். ஆனால் துப்பாக்கியோடு மலை ஏறிய ஆள் இல்லை, கிளார்க். சங்கரன்கோவில் பக்கம் ஊர். பதினேழு வருஷம் சர்வீஸ் போட்டு ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கிவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. யூனிட்டில் சார்ஜ் ஷீட், சம்மரி ஆஃப் எவிடன்ஸ் என்கிற சாட்சிய ஏடு, கோர்ட் மார்ஷல் என்கிற ராணுவக் கோர்ட்டின் நடவடிக்கை என்று டைப் அடித்தே விரல் தேய்ந்தது. ராணுவக் கோர்ட், சிவில் கோர்ட் ரெண்டையும் பார்த்தாயிற்று, ரெண்டிலும் ஓரத்தில் உட்கார்ந்து. ஓரத்தில் இருப்பவனுக்குச் சில விஷயம் கூடுதலாகவே கண்ணில் படும்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. கியூபாவில் அமெரிக்கர்கள் வைத்திருக்கும் குவாண்டானாமோ முகாம். சாண்டியாகோ என்று ஒரு மரைன் சிப்பாய், அதாவது கடற்படையோடு சேர்ந்த தரைப்படைக்காரன். உடம்பு ஒத்துழைக்கவில்லை, ஓட்டத்தில் பின்தங்குகிறான். மாற்றல் கேட்டு மேலிடத்தைத் தாண்டிக் கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் கடிதம் எழுதுகிறான். ஒரு ராத்திரி டாசன், டவுனி என்ற ரெண்டு சக சிப்பாய்கள் அவன் அறைக்குள் புகுந்து, வாயில் துணியை அடைத்துக் கட்டிப்போட, அவன் செத்துப்போகிறான். கொலை வழக்கு. ‘கோட் ரெட்’ கொடுக்கச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்தது என்று இவர்கள் சொல்கிறார்கள். கோட் ரெட் என்றால் ஏட்டில் இல்லாத தண்டனை, கூட்டாளிகளை வைத்தே கொடுப்பது. டாம் குரூஸ் இவர்களுக்கு வாதாடும் கடற்படை வக்கீல் காஃபி. டெமி மூர் அவரோடு சேர்ந்த இன்னொரு வக்கீல். ஜாக் நிக்கல்சன் முகாமின் தலைவர், கர்னல் ஜெசப். ஆரன் சோர்கின் 1989-இல் போட்ட மேடை நாடகத்தை அவரே திரைக்கதையாக்க, ராப் ரைனர் 1992-இல் படமாக எடுத்தார். நாலு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது ஒன்றுகூட இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நிறைய இருக்கிறது.

எனக்கு இந்தப் படத்தில் உசத்தியான இடம் எல்லாரும் சொல்லும் அந்தக் கடைசிக் கத்தல் இல்லை. நடுவில் பார்ன்ஸ் என்று ஒரு கார்ப்பரல் சாட்சி சொல்ல வருவான், ரெண்டு மூணு நிமிஷம். அரசுத் தரப்பு வக்கீலாக வரும் கெவின் பேக்கன் ஒரு பயிற்சிப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்து, “இதில் கோட் ரெட் எந்த அத்தியாயத்தில் இருக்கிறது, எடுத்துக் காட்டு” என்கிறார். இல்லை. முகாமின் விதிமுறை ஏட்டைக் கொடுக்கிறார். அதிலும் இல்லை. முடிந்தது, ஏட்டில் இல்லாதது நாட்டில் இல்லை என்று உட்காரப் போகிறார். காஃபி எழுந்து, போகிற போக்கில் அவர் கையிலிருந்து அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிச் சாட்சியிடம் நீட்டி, “சாப்பாட்டுக் கூடம் எங்கே இருக்கிறதென்று இதில் எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது?” என்கிறார். போடவில்லை ஐயா. “அப்படியானால் நீ இத்தனை நாள் அங்கே சாப்பிட்டதே இல்லையா?” மூணு வேளையும் சாப்பிட்டேன் ஐயா. “எப்படிக் கண்டுபிடித்தாய்?” எல்லாரும் போன பக்கம் நானும் போனேன் ஐயா.

ராணுவம் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக ஒருவர் எழுதி நான் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் ‘ரகடா’ என்று ஒரு வார்த்தை உண்டு. முதுகில் பிட்டு என்கிற மூட்டைப் பையை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடு, முழங்கையால் தவழ், உருளு. எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தை வரிவரியாகப் படித்தவன் சொல்லுகிறேன், அந்த வார்த்தையே கிடையாது. ஆனால் ரகடா வாங்காமல் டிரெயினிங் சென்டரை விட்டு வெளியே வந்த சிப்பாய் எவனும் கிடையாது. பெரும்பாலும் அது உடம்பு வலியோடு போய்விடும், ராத்திரி சிரித்துக்கொண்டே பேசுவோம். எங்கே எல்லை தாண்டுகிறது என்பதுதான் ஏட்டிலும் இல்லை, எவன் வாயிலும் இல்லை. சோர்கின் ராணுவத்தில் இருந்தவர் இல்லை. அவருடைய அக்கா கடற்படையின் சட்டப் பிரிவில் வக்கீலாக இருந்து குவாண்டானாமோவில் நடந்த ஒரு வழக்குக்குப் போனார், அந்தப் பேச்சிலிருந்து பிறந்த கதை இது. உள்ளே இருந்து வந்த விஷயம் என்பது பார்ன்ஸ் காட்சியில் தெரியும்.

அடுத்து, குறுக்கு விசாரணையின் கட்டுமானம். எங்கள் வக்கீல் ஐயா ஜூனியர்களிடம் அடிக்கடி சொல்வார், “சாட்சியை அடிக்காதே, அவனையே ரெண்டு செங்கல் எடுத்துவைக்கச் சொல்லு, அப்புறம் ரெண்டுக்கும் நடுவில் அவன் தலையைக் கொண்டுவா” என்று. கர்னல் ஜெசப்புக்கு நடப்பது அதுதான். முதல் செங்கல்: சாண்டியாகோவை யாரும் தொடக்கூடாது என்று நான் தெளிவாக உத்தரவு போட்டேன், என் ஆட்கள் என் உத்தரவை மீறவே மாட்டார்கள், மீறினால் ஆள் சாவான். ரெண்டாவது செங்கல்: சாண்டியாகோவின் உயிருக்கு ஆபத்து இருந்தது, அதனால்தான் அவனை வேறு இடத்துக்கு மாற்ற உத்தரவு போட்டேன். ரெண்டையும் தனித்தனியாகச் சொன்னால் கம்பீரமாக இருக்கிறது. சேர்த்து வைத்தால்? யாரும் தொடமாட்டார்கள் என்றால் ஆபத்து எங்கிருந்து வந்தது, மாற்றல் எதற்கு?

இந்தக் கேள்வி வந்ததும் நிக்கல்சன் முகத்தைப் பாருங்கள். ஒரு நொடி ஒன்றுமே நடக்காது. அவ்வளவு நேரமும் நாற்காலியில் சாய்ந்து, சின்னப் பையன்களோடு விளையாடுகிற பெரிய மனுஷன் போல உட்கார்ந்திருந்தவர், பதிலைத் தேடி உள்ளே போய்வருவது தெரியும். ‘அவன் தரமில்லாத மரைன், அதனால்...’ என்று ஆரம்பித்து மாட்டிக்கொள்வார். அங்கேயே வழக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிற ‘உண்மையைத் தாங்கிக்கொள்ளும் தெம்பு உனக்குக் கிடையாது’ என்கிற பிரசித்தமான முழக்கம் திருவிழா முடிந்து விடுகிற வாணவேடிக்கை. வேடிக்கை நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. அழகான கதாநாயகனும் அழகான கதாநாயகியும் ராத்திரி ராத்திரியாக ஒரே வீட்டில் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள், காதல் கிடையாது. டூயட் வேண்டாம், ஒரு கைபிடிப்புகூட இல்லை. 1992-இல் அதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் காதலைக் கொடுக்காத சோர்கின் அந்த அம்மாவுக்கு வேறு எதையாவது கொடுத்தாரா என்றால், அதுவும் இல்லை. காஃபியைவிடப் பதவியில் மூத்தவர், வழக்கை முதலில் மோப்பம் பிடித்தவரும் அவர்தான். ஆனால் கோர்ட்டில் அவருக்குக் கிடைத்த முக்கியமான வேலை, நிராகரிக்கப்பட்ட ஆட்சேபத்தை இன்னும் பலமாகச் சொல்லி நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது. மற்ற நேரமெல்லாம் காஃபிக்கு ரோஷம் ஊட்டும் வேலை. பழைய படங்களில் அண்ணனுக்குத் திலகம் வைத்து அனுப்பும் தங்கை மாதிரி.

இனி என் மனசில் ரொம்ப நாளாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊர்க்காரனுக்கு இந்தப் படம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது? கோர்ட்டில் கூண்டில் நிற்பவன் நெஞ்சை நிமிர்த்திப் பேசுவது நமக்குப் பால்குடி காலத்துப் பழக்கம். 1952-இல் ‘பராசக்தி’ கோர்ட் வசனம், 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. எங்கள் தாத்தா காலத்தில் கல்யாண வீட்டு மைக் செட்டில் பாட்டுக்குப் பதில் வசன ரெக்கார்டு போடுவார்களாம். அதிலும் கட்டபொம்மன் எங்களுக்குச் சினிமா மட்டும் கிடையாது. கயத்தாறு, திருநெல்வேலியிலிருந்து மதுரை ரோட்டில் போனால் வழியில் வருகிற ஊர். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி அங்கேதான் மேஜர் பானர்மன் என்கிற ராணுவ அதிகாரி மற்ற பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து, விசாரணை என்று ஒன்று நடத்தி, கையோடு தூக்கிலும் போட்டார். வக்கீல் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. அந்த விசாரணையின்போது கட்டபொம்மன் கொஞ்சமும் அஞ்சாமல் இளக்காரமாக நின்றதாகப் பானர்மனே எழுதியிருக்கிறார். கால்டுவெல் தன் திருநெல்வேலி வரலாற்றில் அதை எடுத்துப் போட்டிருக்கிறார். தூக்குப் போட்டவனே ஒத்துக்கொண்ட வீம்பு.

ஆக, கூண்டில் வீம்பு பேசுபவன் நமக்கு நாயகன். ‘எ ஃபியூ குட் மென்’ செய்யும் வேலை என்னவென்றால், அந்த வீம்புப் பேச்சைத் தூக்கி வில்லன் கையில் கொடுத்துவிடுகிறது. “நான் மதில் மேலே நிற்பதால்தான் நீ நிம்மதியாகத் தூங்குகிறாய், என்னையே கேள்வி கேட்கிறாயா?” என்கிற அர்த்தத்தில் ஜெசப் பேசும்போது தியேட்டரில் கைதட்டு விழும். யூனிட் ரெக்ரியேஷன் ரூமில் நான் முதல் தடவை பார்த்தபோதும் தட்டினார்கள். அதில் பாதிப் பேர் அவர் சொல்வது சரிதான் என்று தட்டினார்கள். கெட்டவனுக்கு நல்ல வாதத்தைக் கொடுக்கிற தைரியம் எல்லாக் கதாசிரியருக்கும் வராது, அது பலம். ஆனால் அந்த வாதத்துக்குச் சமமான ஒரு பதிலைப் படத்தில் யாருமே சொல்லவில்லை. காஃபி அவரைக் கத்த வைக்கிறார், கைது செய்ய வைக்கிறார், பதில் சொல்லவில்லை. அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

காலியாகக் கிடப்பது அது ஒன்று மட்டுமில்லை. காஃபி கையில் என்ன சாட்சியம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுமில்லை. முகாமிலிருந்து அன்று ராத்திரியே ஒரு விமானம் போனது, மாற்றல் நிஜமென்றால் சாண்டியாகோவை அதிலேயே அனுப்பியிருக்கலாம் என்று சந்தேகம், ஆனால் பதிவேட்டைத் திருத்திவிட்டார்கள். விமானத் தளத்து ஆட்கள் ரெண்டு பேரைச் சும்மா கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறார், அவர்களுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. வெறும் கையை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே ஏதோ இருப்பது மாதிரி ஆடுகிற சீட்டாட்டம். ஜெசப் “எனக்கு நினைவில்லை” என்று மூணு தடவை சொல்லியிருந்தால் ரெண்டு பையன்களும் ஆயுசுக்கும் உள்ளே. நீதிபதியே “நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை” என்று கதவைத் திறந்துவிடுகிறார். அப்போதும் இவர் போகவில்லை.

இந்தப் படத்தை மூணு வருஷம் முன்னால் எங்கள் மாமாவோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். மாமா சுபேதாராக ரிட்டயர்டு ஆனவர், எண்பது வயசு. இங்கிலீஷ் வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கர்னல் “ஆமா, நான்தான் சொன்னேன்” என்று கத்தியதும் மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரிசிரியென்று சிரித்தார். “மருமவனே, முப்பது வருசத்துல எத்தன கர்னலப் பாத்திருக்கேன். கோர்ட்ல போயி இப்படி வாயக் குடுக்கவன் கர்னல் ஆவானாலே? கேப்டன்லயே வீட்டுக்குப் போயிருப்பான்.”

மாமா சொன்னதுதான் என் கட்சியும். இந்தப் படத்தில் உண்மை வெளியே வருவது மேலே இருப்பவனின் அகங்காரத்தால். நிஜத்தில் அகங்காரம் வாயை மூடிக்கொள்ளத்தான் பழக்கியிருக்கும். நிஜத்தில் உண்மை வந்தால் கீழே இருந்துதான் வரும், பயந்து பயந்து வரும். நம் பக்கத்திலேயே பார்த்தோமே. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தகப்பனும் மகனும் அடிபட்டுக் கோவில்பட்டியில் செத்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரிடம் ராத்திரி முழுக்க அடித்தார்கள் என்று சொன்னது யார்? அதே நிலையத்தில் அன்று வேலையில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். சொன்னதில் கையெழுத்துப் போடவே அந்த அம்மா தயங்கினார், வெளியே சக போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். அப்புறம் போட்டார். அந்தத் தயக்கத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இருக்கிற சில நிமிஷம், அதுதான் உண்மையான கோர்ட் நாடகம். ஜெசப்பின் முழக்கம் முழுவதையும் ஒரு தட்டில் வைத்தாலும் இந்தத் தட்டுதான் கீழே இறங்கும்.

சோர்கினுக்கும் அப்படி ஒரு ஆள் இருந்தார். மார்க்கின்சன், ஜெசப்புக்கு அடுத்த நிலையில் இருக்கும் லெப்டினன்ட் கர்னல். நடந்ததெல்லாம் தெரியும், மனசாட்சி அறுக்கிறது, காஃபியைத் தேடி வந்து மாற்றல் உத்தரவே பொய் என்று சொல்லியும்விடுகிறார். சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து முழுச் சீருடை மாட்டிக்கொண்டு தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறார். அந்தக் காட்சி அழகாக எடுக்கப்பட்டிருக்கிறது, ஜே.டி. வால்ஷ் அருமையாகச் செய்திருக்கிறார். ஆனால் கதாசிரியர் ஏன் கொன்றார் என்பது வெட்டவெளிச்சம். இவர் உயிரோடு வந்து சாட்சி சொன்னால் குரூஸுக்கும் நிக்கல்சனுக்கும் மோதலே கிடையாது. மனசாட்சி உள்ள மனுஷனைக் கொன்றால்தான் அகங்காரம் உள்ள மனுஷனுக்கு மேடை கிடைக்கும். படத்தின் பெரிய பலவீனம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

ராணுவக் கோர்ட் அப்படித்தான் நடக்குமா என்று கேட்டாய். அமெரிக்க முறை வேறு, நம் முறை வேறு. அங்கே ராணுவ நீதிபதி நம் செஷன்ஸ் ஜட்ஜ் மாதிரி நடுவில் உட்கார்ந்து சட்டத்தைத் தீர்மானிக்கிறார், குற்றவாளியா இல்லையா என்பதை ஜூரி மாதிரி வரிசையாக உட்காரும் ராணுவ உறுப்பினர்கள் சொல்கிறார்கள். நம் ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் உட்காருவார்கள். சட்டம் படித்த ஜட்ஜ் அட்வகேட் பக்கத்தில் இருப்பார், ஆனால் அவருக்கு ஓட்டுக் கிடையாது, ஆலோசனை மட்டும். ஐந்து பேரும் கருத்துச் சொல்லும்போது பதவியில் இளையவர்தான் முதலில் சொல்ல வேண்டும். பெரியவர் முதலில் வாயைத் திறந்தால் சின்னவர் அதையேதான் சொல்வார் என்று சட்டம் எழுதினவனுக்கே தெரிந்திருக்கிறது பார்த்தாயா? இந்த ஒரு விதிக்குள் ஒரு படமே இருக்கிறது. ‘எ ஃபியூ குட் மென்’ படத்தில் அந்த உறுப்பினர்களின் முகம்கூட நமக்கு ஞாபகம் இருக்காது, வரிசையாகச் சீருடை அவ்வளவுதான்.

நம் ஆட்கள் பெரும்பாலும் சிக்குவது சம்மரி கோர்ட் மார்ஷலில். அங்கே கமாண்டிங் ஆபீசர் ஒருத்தரேதான் கோர்ட்டு. கூட ரெண்டு பேர் உட்கார வேண்டும், ஆனால் அவர்கள் உறுப்பினர்கள் இல்லை. தொப்பி, பெல்ட் கழற்றி உள்ளே கொண்டு வருவார்கள். நான் டைப்ரைட்டரோடு மூலையில். சில சமயம் காலையில் ஆரம்பித்து டீ வருவதற்குள் முடிந்துவிடும். லெப்டினன்ட் கர்னல் பதவியில் உள்ளவர் ஒரு வருஷம் வரை ஜெயில் போடலாம். அங்கே யாரும் கத்தி நான் கேட்டதில்லை, ஃபேன் சத்தம்தான் பெரிசாகக் கேட்கும். ஜெனரல் கோர்ட் மார்ஷல் தீர்ப்பு அப்படி உடனே செல்லாது, மேலதிகாரி உறுதி செய்ய வேண்டும். 1945-இல் டெல்லி செங்கோட்டையில் நேதாஜியின் ஐ.என்.ஏ. படை அதிகாரிகள் மூணு பேருக்கு ஆயுள் தண்டனை போட்டார்களே, அதைத் தளபதி ஆக்கின்லெக் ரத்து செய்தது இந்த உறுதி செய்யும் கட்டத்தில்தான். அங்கே வாதாடிய புலாபாய் தேசாயின் வாதத்தைவிட ரோட்டில் இறங்கிய ஜனம்தான் அந்த முடிவை எழுத வைத்தது என்று நான் நினைக்கிறேன்.

சட்ட ரீதியாகப் படத்தில் ஒரு ஓட்டையும் சொல்லிவிடுகிறேன், கிளார்க் புத்தி விடாது. கடைசியில் டாசனையும் டவுனியையும் கொலை, சதி ரெண்டிலிருந்தும் விடுவித்துவிட்டு, ‘மரைனுக்குத் தகாத நடத்தை’ என்று குற்றவாளியாக்கி டிஸ்மிஸ் செய்கிறார்கள். அமெரிக்கச் சட்டத்தில் தகாத நடத்தைப் பிரிவு அதிகாரிகளுக்கு உரியது. இவர்கள் ரெண்டு பேரும் சாதாரணச் சிப்பாய் வகை. நம் சட்டத்திலும் அந்த 45-ஆவது பிரிவு அதிகாரி, ஜேசிஓ (சுபேதார் மாதிரி இடைநிலைப் பதவி), வாரண்ட் ஆபீசர் வரைக்கும்தான். சிப்பாய்க்கு அந்தச் சார்ஜ் ஷீட் அடித்துக் கொண்டுபோயிருந்தால் யூனிட் நிர்வாகத்தைப் பார்க்கும் எங்கள் அட்ஜுடன்ட் என் முகத்திலேயே விசிறியடித்திருப்பார்.

இதே வகையில் நமக்குக் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது, அதையும் பார். ஸ்வதேஷ் தீபக் இந்தியில் எழுதிய ‘கோர்ட் மார்ஷல்’ நாடகம். அதிலிருந்து வந்ததுதான் 2011-இல் மலையாளத்தில் வெளியான ‘மேல்விலாசம்’. நம் பார்த்திபன்தான் குற்றம் சாட்டப்பட்ட சிப்பாய். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறை. அதிகாரியைச் சுட்டேன் என்று சிப்பாய் முதலிலேயே ஒத்துக்கொள்கிறான். வழக்கில் மிச்சம் இருக்கிற கேள்வி, ஏன் சுட்டான்? போகப் போகச் சாதி வெளியே வருகிறது. பார்த்திபன் படம் முழுக்க அநேகமாகப் பேசவே மாட்டார். காசு கம்மி, சில நடிப்பு மேடை நாடகம் மாதிரி உரக்க இருக்கும், ஹாலிவுட் மினுக்கு எதுவும் கிடையாது. ஆனால் ‘எ ஃபியூ குட் மென்’ தாண்டிப் போகிற வாசலில் அது நிற்கிறது. ஒரு சிப்பாயைத் தினமும் என்னவெல்லாம் சொல்லி நசுக்கினார்கள் என்பதை நசுக்கப்பட்டவன் பக்கத்திலிருந்தே கேட்கிறது. எங்கள் ஜில்லாவில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தை வைத்தே சாதி சொல்லிவிடலாம். அந்தப் படம் இங்கே இன்னும் உரக்கக் கேட்கும்.

சாண்டியாகோ பக்கத்திலிருந்து சோர்கின் ஏன் ஒன்றுமே கேட்கவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. ரெண்டே கால் மணி நேரப் படத்தில் அவனுக்குச் சில நிமிஷம். கடிதம் படிக்கிற குரல், ஒரு ஓட்டம், அப்புறம் கட்டில். கோர்ட்டில் அவன் அம்மா வந்து உட்காரவில்லை, அப்பா இல்லை, ஊர் இல்லை. அவன் அலமாரியில் துணிமணி மடிக்காமல் தொங்கியது என்பது மட்டும் சாட்சியத்துக்குப் பயன்படுகிறது, மறுநாள் காலையில் கிளம்பப் போகிறவன் மூட்டை கட்டியிருக்க மாட்டானா என்று. அதுகூட காஃபி வழக்கை ஜெயிக்கத்தான்.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் படம் தன்னையே திருத்திக்கொள்கிறது, அதற்காகத்தான் நான் இதை மூணு தடவை பார்த்தேன். தீர்ப்பு வந்து, டிஸ்மிஸ் என்றதும் டவுனிக்குப் புரியவில்லை. கர்னல் உத்தரவு போட்டதை ஒத்துக்கொண்டாரே, நாம் என்ன தப்புச் செய்தோம் என்று பதறுகிறான். டாசன் அதுவரை படம் முழுக்க விறைப்பாக, உத்தரவு, யூனிட், மரைன் என்று பேசியவன். உல்ஃப்காங் போடிசன் என்று அதற்கு முன் பெரிதாக நடித்திராத ஒருவர். முகம் அப்போதுதான் இளகுகிறது. “எதிர்த்து நிற்க முடியாதவர்களுக்காக நாம்தானே நின்றிருக்கணும். வில்லிக்காக நின்றிருக்கணும்” என்கிறான். கர்னலின் முழக்கத்துக்கு யாரும் சொல்லாத பதிலை, தண்டனை வாங்கிய சிப்பாய் ரெண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகிறான். அதற்கப்புறம் காஃபிக்கு அவன் அடிக்கிற சல்யூட்டெல்லாம் இனாம்.

சிரித்துக்கொண்டிருந்த மாமா அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் வசனத்தைச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வில்லிங்கானே, அது யாருடே?” என்றார்.

“செத்துப்போன பையன் மாமா. சாண்டியாகோ.”

“அவனா...” என்றவர், “மொகம் ஞாவகத்துக்கு வரலியே. கொஞ்சம் பின்னால ஓட்டு” என்றார்.